போ-சூ விழுந்த நாள்

மற்றவர்கள் விழுந்தால்தான் எனக்குச் சோறு. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. படகுத்துறைக்கு இறங்கும் சரிவின் தலைமாட்டில் என் ஸ்கூட்டர் பட்டறை இருக்கிறது. உடைந்த கண்ணாடி, வளைந்த பிரேக் பிடி, நசுங்கிய சைலன்சர் என்று முப்பது வருடமாக இதுதான் பிழைப்பு. அப்படிப்பட்ட நானே போ-சூவைப் பற்றிப் பெருமை பேச வந்திருக்கிறேன் என்றால் நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும். என் வருமானத்தில் பாதியைக் கெடுத்தவள் அவள்.

ஹோங்-பே சின்னத் தீவு. தைவானின் தெற்குக் கரைக்குப் படகில் பன்னிரண்டு நிமிடம். மார்க்கெட், ஆஸ்பத்திரி, ஆபீஸ், பெரிய பள்ளிக்கூடம் எல்லாம் அக்கரையில். காலை ஆறரை மணிக்குத் தீவே ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டு என் கடை வாசலில் வந்து நிற்கும். குறுக்கே கட்டிய சங்கிலியை அவிழ்த்ததும் இருநூறு வண்டியும் சரிவில் பாயும். காரணம், படகில் முன்வரிசை. முன்வரிசையில் நிற்பவன்தான் அக்கரையில் முதலில் இறங்குவான். முதலில் இறங்கி என்ன கிழிக்கப் போகிறான் என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் கல்யாணப் பேச்சில்கூட, "பையன் தினமும் முன்வரிசை" என்று சொல்லிக்கொள்வார்கள்.

அந்தச் சரிவின் அடியில், படகின் இரும்புப் பலகை வந்து கரையைத் தொடும் இடத்தில், இருபத்திரண்டு வருடமாக நிற்பவள் சுவாங் போ-சூ. நாலடி பத்தங்குல உயரம், மஞ்சள் மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ், கழுத்தில் விசில். சும்மா நிற்கும்போதும் தலையில் ஹெல்மெட் இருக்கும். "நிக்கிறவளுக்கு எதுக்கு ஹெல்மெட்?" என்று யாரோ கேட்டதற்கு, "நீ வர்ற வேகத்துக்குத்தான்" என்று பதில் வந்தது.

நானும் அவளும் ஒரே வகுப்பு. கணவாய் மீன் பிடிக்கிறவரின் ஐந்தாவது பெண். ஓட்டப் பந்தயத்தில் என்னை மூன்று வருடம் தொடர்ந்து தோற்கடித்தாள். நான்காவது வருடம் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். கல்யாணமாகி, புருஷன் தூரக் கடல் கப்பலுக்குப் போனபின், முப்பத்திரண்டு வயதில் படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கச் சேர்ந்தாள். ஒரு மழை நாளில் சரிவுக் காவலாள் வேலைக்கு வரவில்லை. வண்டிகள் தாறுமாறாக இறங்குவதைப் பார்த்துப் பொறுக்காமல் டிக்கெட் கூண்டை விட்டு வெளியே வந்து, ஆணியில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினாள். அதன்பின் அந்தக் கூண்டுக்குள் அவள் உட்காரவே இல்லை.

அவளுடைய பாடம் மூன்றே வரி. அதைக் கத்திக் கத்தியே தொண்டை கட்டையாகிவிட்டது.

"மேலேயே வேகத்தைக் குறை! கால் ரெண்டும் வண்டிப் பலகை மேல! இரும்பு மேல ஒண்ணும் பண்ணாதே!"

ஒன்றும் பண்ணாதே என்றால் பிரேக் பிடிக்காதே, முறுக்காதே, ஹேண்டிலைத் திருப்பாதே என்று அர்த்தம். நனைந்த இரும்பில் வண்டி தானாக நேராகப் போகும், மனிதன் குறுக்கே வந்தால்தான் விழும் என்பாள். யாராவது வேகமாக வந்தால் விசில் ஊதுவாள்; விசில் கேட்டால் இரும்புக்கு வருவதற்கு முன்பே பிரேக் பிடிக்க வேண்டும். ரப்பர் செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டு வருபவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. பள்ளி முதல்வர் ஒருநாள் அப்படி வந்தார். "வாத்தியாரே, கால வெச்சு நிறுத்த இது சைக்கிளா? தூக்குங்க!" என்று இருநூறு பேர் முன்னால் தூக்க வைத்தாள். டயரின் வரிப்பள்ளத்தில் காசைச் செருகிப் பார்த்து, தேய்ந்திருந்தால் படகில் ஏற்ற மாட்டாள். நேரே என் கடைக்குத் திருப்பி அனுப்புவாள். ஒரு கையால் பிடுங்கி மறு கையால் கொடுப்பது என்பார்களே, அதுதான்.

அவள் ஸ்கூட்டர் ஓட்டத் தொடங்கி முப்பத்தைந்து வருடமாகிறது. ஒருமுறைகூட விழுந்ததில்லை. இது ஊரறிந்த விஷயம். புது வண்டி வாங்குகிறவர்கள் கடலம்மா கோயில் தூபச் சட்டியை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, போகிற வழியில் போ-சூவின் தோளையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்கள். திட்டுவாள், ஆனால் உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

இப்படிப்பட்டவளுக்கு ஓர் ஆசை இருந்தது. சரிவின் நடுவில் 'மெதுவாக' என்ற முழுச் சொல்லுக்குமான சீன எழுத்தைப் பெரிதாகத் தரையில் போட வேண்டும். எங்கள் நாட்டில் எந்த வளைவிலும் பார்க்கலாம், அந்த ஒற்றை வெள்ளை எழுத்தை. இதற்காக மூன்று வருடம் மனு எழுதினாள், அக்கரையில் துறைமுக அலுவலகப் படிகளைத் தேய்த்தாள். கடைசியில் இந்த வருடம் ஏப்ரலில் ஆட்கள் வந்து, வெள்ளைக் குழம்பைக் காய்ச்சி ஊற்றி, என்னைவிட நீளமாக ஓர் எழுத்தைப் போட்டார்கள். வெயிலில் பளபளவென்று மின்னியது. துறைமுக அலுவலகப் பிரிவுத் தலைவர் வெய் வந்து அதன் ஒரு பக்கம் நின்றார், போ-சூ மறுபக்கம் நின்றாள், பத்திரிகைக்காரன் படம் எடுத்தான். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு டிக்கெட் கூண்டில் மாட்டினாள்.

மே மாதம் பிளம் பழுக்கும் பருவத்து மழை ஆரம்பித்தது. முதல் வாரத்தில் மூன்று பேர் விழுந்தார்கள். இரண்டாம் வாரத்தில் நான்கு. அதற்கு முன்பெல்லாம் அந்தச் சரிவில் வருடத்துக்கு இரண்டு பேர் விழுந்தாலே அதிகம். நான் பிரேக் பிடி வாங்க அக்கரைக்கு இரண்டு நடை போனேன். சிரித்துக்கொண்டேதான் போனேன், பொய் சொல்வானேன்.

ஊரில் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். தண்ணிப் பேய் காலைப் பிடித்து இழுக்கிறதாம். கோயில் பூசாரி நாள் பார்த்து, சரிவிலேயே மேசை போட்டுக் கோழியும் பழமும் படைத்து, கட்டுக்கட்டாகக் காணிக்கைத் தங்கத் தாள் எரித்தார். அன்று மதியம் பெய்த மழையில் சாம்பல் முழுக்கக் குழைந்து சரிவெங்கும் பரவியது. மறுநாள் காலை இரண்டு பேர் விழுந்தார்கள். அதில் ஒருவர் பூசாரி.

"பேய்க்குக் கோழி பத்தலை போலிருக்கு" என்றேன். போ-சூ சிரிக்கவில்லை. சரிவு முழுவதையும் தனியாகத் துடைப்பம் போட்டுக் கழுவினாள்.

பத்தாவதாக விழுந்தவள் லி-யுன். அக்கரையில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள், நாற்பது வயது, வாய் நீளம். கழுத்தெலும்பு உடைந்து சரிவில் கிடந்தபடியே கத்தினாள்.

"இவ விசில ஊதுனதாலதான் நான் பிரேக் பிடிச்சேன்! இவள இங்கேருந்து தூக்குங்க! அக்கானு பாக்கறேன், இல்லேன்னா வாயில வேற வந்துடும்!"

அவள் வார்த்தையோடு நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே புகார் எழுதி, அறுபது பேரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினாள். போ-சூவின் தோளைத் தட்டிவிட்டுப் போனவர்களின் பெயர்களும் அதில் இருந்தன. வெய் வந்து விஷயத்தைச் சொன்னார். வியாழக்கிழமை நகரத்திலிருந்து ஆய்வுக் குழு வருகிறது. சரிவில் ஒழுங்கு சரியில்லை என்று அவர்கள் எழுதினால், வேறு ஆள் நிற்பார், போ-சூ கூண்டுக்குள் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கலாம்.

"சம்பளம் குறையாது" என்று சேர்த்துச் சொன்னார். நல்ல மனிதர்தான், ஆனால் எதை எங்கே சொல்ல வேண்டும் என்று தெரியாதவர். போ-சூவுக்கு அந்த இடம் போனால் எல்லாம் போனதுதான். மகள் தைபேயில், புருஷன் கடலில், அவளுக்கென்று இருந்தது அந்தச் சரிவு ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை மதியப் படகு போனபின், மழை சற்று விட்டிருந்தபோது, அவள் சரிவில் குந்தியிருப்பதைப் பார்த்தேன். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. மயக்கமோ என்று ஓடினேன்.

"டேய் கருப்பா, இங்க வா. இந்தக் கீறலைப் பாரு."

கருப்பன் என்பது என் பட்டப்பெயர். கிரீஸ் கையால் வந்தது. குனிந்து பார்த்தேன். வண்டி விழுந்து சறுக்கினால் அதன் ஸ்டாண்டு தரையில் கோடு கீறும். அப்படிப் பத்துப் பன்னிரண்டு கோடுகள் கீழ்நோக்கி ஓடின. எல்லாமே புதுசு.

"எங்க முடியுதுனு பாக்காத. எங்க ஆரம்பிக்குதுனு பாரு."

எல்லாக் கோடுகளும் அந்த வெள்ளை எழுத்துக்குள்ளிருந்து தொடங்கின. ஒன்றுகூட வெளியே தொடங்கவில்லை. இரும்புப் பலகையில் கோடே இல்லை. போ-சூ தன் பூட்ஸை எழுத்தின் மேல் வைத்து லேசாகத் தள்ளினாள். கால் வழுக்கிக்கொண்டு போனது. பக்கத்துச் சிமெண்டில் வைத்துத் தள்ளினாள், நகரவில்லை.

"இரும்பு வழுக்கும்னு எல்லாருக்கும் தெரியும். அங்க யாரும் பிரேக் பிடிக்கறதில்ல. இது மழையில இரும்பைவிட மோசம். இது மேல வந்து, 'மெதுவா'னு படிச்சிட்டு, சரியா இது மேலயே பிரேக் பிடிக்கறாங்க. பத்தாததுக்கு நான் வேற."

"நீ என்ன?"

"நான் எப்ப விசில் ஊதுவேன்? அவங்க எழுத்தைத் தொடற நேரத்துல. லி-யுன் சொன்னது சரிடா. அவள விழ வெச்சது நான்தான். எழுத்தும் நான் கேட்டது, விசிலும் என்னது."

எனக்கும் கோபம் வந்தது, என் மேலேயே. வரிசையாகப் பத்து வண்டி வந்தது, பத்துக்கும் பிரேக் பிடி மாற்றினேன், ஏன் என்று ஒருமுறை சரிவில் இறங்கிப் பார்த்தேனா? என் கண் கல்லாப்பெட்டியில் இருந்தது. "பேசாம இரு, போ-சூ. வியாழக்கிழமை மழை இல்லேன்னா தப்பிச்சிடுவே" என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை.

அன்றே கூண்டுக்குப் போய், சட்டம் போட்ட படத்தைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு அக்கரைக்குப் படகேறினாள். வெய்யிடம் என்ன பேசினாள் என்று பிறகு என்னிடம் சொன்னாள். படத்தை மேசை மேல் வைத்து, "சார், இந்த எழுத்தை அழிக்கணும். நான் கேட்டது தப்பு" என்றாளாம்.

வெய் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "போ-சூ அக்கா, மூணு வருஷம் நீங்க என் உயிர எடுத்து வாங்குனது அது. இப்ப வேண்டாம்னா நான் மேல என்ன எழுதறது? எழுத்து விதிப்படி இருக்கு, அளவு சரி, பூச்சு சரி. ஓட்டத் தெரிஞ்சவன் விழ மாட்டான். நீங்களே முப்பத்தஞ்சு வருஷமா விழலைனு ஊரே சொல்லுது. அப்ப எழுத்து மேல தப்பா, ஓட்டறவங்க மேல தப்பா?"

"அப்ப வியாழக்கிழமை உங்க முன்னால நானே ஓட்டிக் காட்டறேன்."

"ஓட்டி?"

"விழுந்து காட்டறேன்."

வியாழக்கிழமை வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பத்து மணிப் படகை நிறுத்தி வைத்தார்கள். ஆய்வுக் குழுவில் மூன்று பேர், தலைமை ஒரு வயதான அம்மா, பெயர் கோ. ஜவுளிக்கடைப் பை போல ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குடை பிடித்து, சரிவின் ஓரத்தில் நின்றார். சங்கிலிக்கு இந்தப் பக்கம் பாதி ஊர். கையெழுத்துப் போட்டவர்களும் இருந்தார்கள். லி-யுன் கழுத்துக் கட்டோடு என் கடைக்குள் ஸ்டூலில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"வேடிக்கை பாக்க வந்தியா?" என்று கேட்டேன்.

"என் எலும்பு, நான் பாக்க வருவேன்" என்றாள்.

போ-சூவின் வண்டியை நானே பார்த்து வைத்திருந்தேன். புது டயர், காற்று அளவாக, பிரேக் இரண்டும் சரி. அதைக் கோ அம்மாவிடம் உரக்கச் சொன்னேன், வண்டி மேல் பழி வரக்கூடாதல்லவா. முழங்கைக்கும் முழங்காலுக்கும் காப்பு கட்டிவிட்டேன். அவள் மேலிருந்து கிளம்பினாள். வழக்கமான வேகம்தான். எழுத்தைத் தொட்டாள், கடந்தாள், சரிவின் அடியில் போய் அழகாக நின்றாள். விழவில்லை.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் திரும்ப ஏறி வந்து மறுபடி இறங்கினாள். மறுபடியும் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல வழுக்காமல் போய் நின்றாள்.

வெய் கோ அம்மாவிடம் ஏதோ சொன்னார். அந்த அம்மா குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினார். இவளுடைய திறமையே இவளுக்கு எமனாகிவிட்டது. இன்னும் ஒருமுறை இப்படி இறங்கினால் கூண்டுக்குள் போக வேண்டியதுதான்.

போ-சூ வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"கருப்பா, என் கை என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. பிடிக்கணும்னுதான் போறேன். எழுத்து கிட்ட வந்ததும் அதுவா விட்டுடுது."

"இருபத்திரண்டு வருஷமா விடு விடுனு கத்துனா கை கேக்காம என்ன பண்ணும்?" என்றேன்.

அவள் என்னைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை. நேரே கீழே நடந்துபோய் அதை வெய்யின் கையில் வைத்தாள்.

"சார், எனக்குப் பதிலா நீங்க எழுத்தோட மேல் ஓரத்துல நில்லுங்க. என் முன்சக்கரம் எழுத்து மேல வந்ததும் ஊதுங்க. விசில் கேட்டா பிரேக் பிடிக்கணும். இந்தத் தீவுல எல்லாருக்கும் அதைப் பழக்குனவ நான். நான் மட்டும் கேக்காம இருந்தா அசிங்கம்."

"அக்கா, வேண்டாம். அடி படும்" என்றார் வெய்.

"பத்துப் பேருக்குப் பட்டுச்சே."

மூன்றாம் முறை கிளம்பினாள். முதல் இரண்டு முறை போன அதே வேகம், நான் சத்தியம் செய்வேன். மழை, மஞ்சள் கோட்டு, எழுத்தின் மேல் முன்சக்கரம். வெய் ஊதினார். போ-சூவின் இரண்டு கையும் பிரேக் பிடியில் மூடின.

முன்சக்கரம் இடப்பக்கம் வெட்டியது. கண்ணை மூடித் திறப்பதற்குள் வண்டி ஒரு பக்கம் போக, அவள் ஒரு பக்கமாகச் சரிவில் சறுக்கிப் போனாள். ஹெல்மெட் தரையில் மோதிய சத்தம் என் கடை வரை கேட்டது. லி-யுன் ஸ்டூலிலிருந்து எழுந்து, "ஐயோ அக்கா!" என்று கத்தினாள்.

கீழே மஞ்சள் கோட்டுக்குள்ளிருந்து ஒரு கை மேலே வந்தது.

"ஆச்சா? எழுதிக்கோங்க!"

அவ்வளவுதான், கூட்டம் கைதட்டிய சத்தத்தில் மழைச் சத்தம் கேட்கவில்லை. ஒருத்தி தரையில் விழுந்ததற்கு ஓர் ஊரே கைதட்டியதை நான் அன்றுதான் பார்த்தேன். நானும் தட்டினேன், கண்ணில் நீர் வழிய வழியத் தட்டினேன்.

வெய் அவளைத் தூக்க ஓடினார். பதற்றத்தில் குறுக்கே, எழுத்தின் மேலேயே ஓடினார். தோல் செருப்பு வேறு. இரண்டு காலும் முன்னால் போக, பிருஷ்டம் தரையில் பட உட்கார்ந்தார். அவர் குடை தனியாகக் கடலுக்குப் போனது. அவர் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கையால் அந்த வெள்ளைப் பூச்சைத் தடவிப் பார்த்தார்.

"நான் நடந்துதானே வந்தேன்" என்றார், யாரிடமோ.

கோ அம்மா குறிப்பேட்டை மூடிப் பைக்குள் வைத்தார். "சிரிக்காதீங்க" என்று ஊரைப் பார்த்து அதட்டிவிட்டு, தானும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சிமெண்டு பார்த்துக் காலை ஊன்றி மெதுவாக இறங்கிப் போனார். போ-சூவின் பக்கத்தில் குனிந்து கேட்டார்: "இதை அழிச்சிட்டு என்ன போடணும்?"

போ-சூ இடது மணிக்கட்டைப் பிடித்தபடியே உட்கார்ந்து, நாள் கணக்காக யோசித்து வைத்தவள் போலச் சொன்னாள்.

"தரையில ஒண்ணும் வேண்டாம் மேடம். சொரசொரப்பா மணல் கலந்த பூச்சு போடுங்க. எழுத்து வேணும்னா கம்பம் நட்டுப் பலகையில எழுதுங்க. மேல, சரிவு ஆரம்பிக்கறதுக்கு முன்னால. நானும் இனிமே கீழே நிக்க மாட்டேன். மேல நின்னுதான் ஊதுவேன்."

"அப்ப சரிவுல நிக்கப் போறது நீங்கதான்னு முடிவே பண்ணிட்டீங்க."

"வேற யாரு நிப்பா?"

கோ அம்மா வெய்யின் கையிலிருந்து விசிலை வாங்கி, தன் கைக்குட்டையால் துடைத்து, போ-சூவின் கழுத்தில் மாட்டிவிட்டார்.

மணிக்கட்டில் மெல்லிய விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. விழுந்து எழுந்தவர்களுக்குப் பீடை கழியப் பன்றிக்காலும் மெல்லிய நூடுல்ஸும் சமைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். அன்று மாலைக்குள் அவள் வீட்டுக்குப் பதினேழு பாத்திரம் வந்தது. விழுந்தவர்களில் பூசாரி உட்பட ஒன்பது பேர், கையெழுத்துப் போட்டுவிட்டு முகத்தைக் காட்ட வெட்கப்பட்டவர்கள், வெய். வாசலில் வைத்துவிட்டு மணியை அடித்துவிட்டு ஓடியவர்களும் உண்டு. லி-யுன் மட்டும் அனுப்பவில்லை.

"இவ்வளவு பன்னிக்காலைத் தின்னா நான் நாலு காலுல நடப்பேன்" என்று போ-சூ எனக்கு ஆறு பாத்திரம் கொடுத்து அனுப்பினாள். ஒரு வாரம் தின்றோம்.

ஜூன் கடைசியில் எழுத்தைச் சுரண்டி எடுத்தார்கள். சொரசொரப்பான பூச்சுப் போட்டு, மேலே கம்பம் நட்டார்கள். காயவைத்து, சோதித்து, எல்லாம் முடியவும் ஜூலை மாதத்துப் புயல் மழை வரவும் சரியாக இருந்தது. காலை ஆறரை மணி. என் கடை வாசலில் வழக்கம்போல இருநூறு வண்டி உறுமிக்கொண்டு நின்றது. போ-சூ மாவுக்கட்டுக்கு மேல் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டு, சங்கிலியருகே, சரிவின் தலைமாட்டில் நின்றாள்.

சங்கிலியை ஒட்டி முதல் வண்டியில் இருந்தது லி-யுன். விழுந்தபின் அவள் வண்டி எடுத்தது அன்றுதான். என் கடையில்தான் எடுத்தாள், அதனால் எனக்குத் தெரியும். போ-சூ சங்கிலியை அவிழ்த்தாள். லி-யுன் நகரவில்லை. நனைந்த சரிவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கை பிரேக்கை இறுக்கி, விரல் வெளுத்துப் போயிருந்தது.

பின்னால் ஒருவன், "போம்மா, முன்வரிசை போயிடும்!" என்றான்.

"அக்கா, என்னால முடியல" என்றாள் லி-யுன். அந்த வாயிலிருந்து இப்படி ஒரு குரல் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. "நான் எழுதிப் போட்டதெல்லாம்..."

"அதெல்லாம் இருக்கட்டும். கால் ரெண்டும் மேல வை. கைய லேசா வெச்சுக்க. எங்கேயும் பாக்காத, என் முதுகைப் பாரு."

போ-சூ திரும்பிச் சரிவில் நடக்கத் தொடங்கினாள். விசில் ஊதவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. லி-யுன் அவள் முதுகைப் பார்த்தபடி வண்டியை உருட்டினாள். சரிவு அகலமானது; இரு பக்கமும் பத்து வண்டி பாய்ந்து போக இடம் இருந்தது. நான் எண்ணெய்த் துணியைக் கையில் பிடித்தபடி, இப்போது பாய்வார்கள், இதோ பாய்வார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஒருவனும் பாயவில்லை. முன்வரிசை முன்வரிசை என்று உயிரை விடுகிற என் ஊர், இருநூறு வண்டியும், அந்த நாலடி பத்தங்குல மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நடை வேகத்தில் ஊர்ந்து இறங்கியது. ஒரு ஹாரன் இல்லை. படகுத் தலைவன் நேரமாகிறது என்று மணி அடிக்கக் கையைத் தூக்கியவன், பார்த்துவிட்டு அப்படியே இறக்கிக்கொண்டான்.

லி-யுன் இரும்பைக் கடந்து படகின் முன்வரிசையில் போய் நின்றாள். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினாள்.

"ஞாயித்துக்கிழமை கடைக்கு வா. அந்த முடிய நானே வெட்டி விடறேன். பாக்க சகிக்கல."

"முன்வரிசைய மறைக்காத, தள்ளி நில்லு" என்றாள் போ-சூ. சொல்லிவிட்டு, கடைசி வண்டி ஏறும்வரை, மாவுக்கட்டுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றாள். அன்று என் கடைக்கு ஒரு வண்டிகூட வரவில்லை. மதியமே கதவைச் சாத்திவிட்டு, ஊரெல்லாம் சுற்றி இதைச் சொன்னேன்.